மருத்துவம் படிக்காதவர் சிங்கப்பூரில் மருந்தக உதவியாளராகச் சேரலாமா?

தமக்கு 41 வயது என்றும், பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் வீட்டுக்கு அருகிலுள்ள அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இயங்கும் மருந்தகத்தில் (மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக்கில்) உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்க எண்ணுவதாகவும், ஆனால் மருத்துவம் பற்றி எதுவும் தெரியாதே என்று தயங்குவதாகவும் கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருக்கிறார். அந்த வேலையில் ஒன்பது ஆண்டுகளாக இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாகச் சேரலாம். மருந்துகளின் பெயர், கணினிப் பதிவு, தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவைப்பது ஆகியவற்றையெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொடுப்பார்கள். சில மாதங்களில் கை பழகிவிடும். காதுகொடுத்துக் கேட்கும் பொறுமைதான் இந்த வேலைக்கு முதல் தேவை, அதை வேறொருவர் கற்றுக்கொடுப்பது கடினம்.

நம் ஊர் மருந்தகங்களில் மருத்துவரைப் பார்த்த பிறகு மருந்தை வெளியே கடையில் வாங்குவது பெரும்பாலும் இல்லை. அதே மருந்தகத்தின் முகப்பில்தான் (கவுன்டரில்தான்) உதவியாளர் மருந்தை எடுத்து வைத்து, விளக்கிச் சொல்லிக் கொடுக்கிறார். மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டதையும், சொல்ல மறந்ததையும் நோயாளிகள் அந்த முகப்பில்தான் சொல்வார்கள். நீரிழிவுக்கு கிளிபிசைட் மாத்திரை எடுத்துவந்த ஒரு மூதாட்டி, மருந்துப் பையை வாங்கியபடியே, "மிஸ்ஸி, வெள்ளிக்கிழமை நான் விரதம், ராத்திரி ஒரு வேளைதான் சாப்பிடுவேன். ஆனா காலையில மாத்திரைய மட்டும் ஒரு நாளும் விட்டதில்ல" என்று பெருமையாகச் சொன்னார். (நான் தாதி இல்லை என்றாலும், பழைய தலைமுறையினருக்கு மருந்தகத்தில் நிற்கும் பெண்கள் எல்லாருமே மிஸ்ஸிதான்.) சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போட்டால் இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்துவிடக்கூடும். அதை அவருக்கு நானே விளக்கி, மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. "கொஞ்சம் உட்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு மருத்துவரிடம் போய்ச் சொன்னேன்; அவர் அந்த அம்மாவை மறுபடியும் உள்ளே அழைத்துப் பேசி, விரத நாளுக்கென மருந்தை மாற்றியமைத்தார். கேட்டதை உடனே கொண்டுபோய்ச் சேர்ப்பதும், நம் எல்லையைத் தாண்டாமல் நிற்பதும் இந்த வேலையில் ஒன்றாகவே இருக்கின்றன.

கேட்கும் விதத்தையும் பழகிக்கொள்ள வேண்டும். "மருந்து ஒவ்வாமை உண்டா?" என்றால் பலரும் யோசிக்காமல் இல்லை என்பார்கள். "எந்த மருந்தாவது சாப்பிட்டு முகம் வீங்கியதா, உடம்பு தடித்து அரித்ததா?" என்று கேட்டால் அதே ஆள், "ஆமாம், ஊரில் ஒரு தடவை" என்று தொடங்குவார். சில மருந்துகளைச் சாப்பிட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் பிறவிக் குறைபாடான ஜி6பிடி குறைபாடும் அப்படித்தான். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1965 முதல் தொப்புள்கொடி இரத்தத்தில் அந்தச் சோதனை செய்யப்படுவதால் இங்கு வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் பலர் அந்தப் பெயரையே கேட்டிருக்கமாட்டார்கள். அவர்களுக்கு மருந்து உறையின் மேல் "சாப்பிட்ட பின்", "தூக்கம் வரும்" என்று தமிழில் எழுதிக் கொடுப்பேன். மருத்துவ விடுப்பு எடுத்தால் மேற்பார்வையாளர் கோபிப்பாரோ என்று அஞ்சி, முதுகுவலியை உள்ளே குறைத்துச் சொல்லிவிட்டு வெளியே வந்து என்னிடம் தமிழில் உண்மையைச் சொல்பவர்களும் அவர்களில் உண்டு.

என் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில், கூட்டம் மிகுந்த ஒரு திங்கட்கிழமை காலையில், ஒரே பெயருடைய இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். நான் பெயரைச் சொல்லி "நீங்கதானே?" என்று கேட்டேன், காது சரியாகக் கேட்காத அம்மா தலையாட்டினார், மற்றவருக்குரிய இரத்த அழுத்த மாத்திரையை அவர் கையில் கொடுத்துவிட்டேன். உடன் வந்த பேத்தி, "பாட்டிக்கு இருமல் மட்டும்தானே?" என்று கேட்டதால் கதவைத் தாண்டும் முன் அது திரும்ப வந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு நானாகப் பெயரைச் சொல்வதில்லை. முழுப்பெயரையும் அடையாள அட்டையின் கடைசி எண்களையும் அவர்களையே சொல்லச் சொல்கிறேன்.

கட்டணம் குறித்த வருத்தங்களும் உங்கள் முகப்புக்குத்தான் வரும். சாஸ் என்பது குடும்ப வருமானத்தைப் பொறுத்து நிறம் மாறும் அரசு மருத்துவ மானிய அட்டை. நீல, ஆரஞ்சு சாஸ் அட்டைகளுக்குச் சாதாரணக் காய்ச்சல், இருமலுக்கும் மானியம் உண்டு. பச்சை அட்டைக்கு நாட்பட்ட நோய்களுக்கு மட்டுமே. 1949ஆம் ஆண்டு முடிவதற்குள் பிறந்த முன்னோடித் தலைமுறையினருக்கும், 1950களில் பிறந்த மெர்டேக்கா தலைமுறையினருக்கும் வருமானம் எதுவாக இருந்தாலும் தனி மானியம். பக்கத்து வீட்டுக்காரர் குறைவாகக் கட்டினாரே என்று ஒருவர் குரலை உயர்த்தும்போது, இவ்வளவையும் உங்களால் அமைதியாக விளக்க முடிய வேண்டும். அவர் உடம்பு முடியாமல் வந்திருப்பவர் என்பது நினைவில் இருந்தால் அது முடியும்.

நேர்காணலுக்குப் போகும்போது வேலை நேரத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பல மருந்தகங்கள் மதியம் மூடி மாலையில் மறுபடியும் திறப்பதால் ஒரே நாளில் இரண்டு முறை போய்வர வேண்டியிருக்கும். சனி, ஞாயிறும் முறை வரும். இரவு கடைசி நோயாளி போன பிறகு கணக்கை முடிக்க எத்தனை பேர் இருப்பார்கள் என்றும் கேளுங்கள். ஒருவர்தான் என்றால், குறைந்தது முதல் மூன்று மாதங்களுக்கு அனுபவமுள்ள ஒருவரைத் துணைக்குத் தரும்படி கேட்பதில் தவறே இல்லை.