கரடிக்குட்டியும் மச்சானின் கூடையும்

கேள்வி: ஐயா, என் மச்சானின் ரப்பர் தோட்டம் மலையடிவாரத்தில் இருக்கிறது. விடியுமுன் பால் வெட்டப் போனவர்கள் ஓடைப் பக்கம் ஒரு கரடிக்குட்டியைக் கண்டு தூக்கி வந்துவிட்டார்கள். பூனை அளவுதான், நெஞ்சில் மஞ்சள் பிறை. பிள்ளைகள் டின் பால் கரைத்துக் கொடுக்கிறார்கள். மனிதர் கை பட்டுவிட்டது, இனி தாய் சேர்க்காது, நாமே வளர்ப்போம் என்கிறார் மச்சான். சரிதானா?
— வாசகர், முடோன், பர்மா (மியன்மார்)

பதில்: தம்பி, இது அச்சேறும்வரை பொறுக்கிற விஷயமில்லை என்று அன்றைக்கே உங்களுக்குப் போன் போட்டேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது சும்மா பேச்சு. குட்டியின் சத்தமும் அதன் சொந்த வாடையும் தாய்க்குப் போதும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்ததும் அது ஒதுங்கியிருக்கும், அவ்வளவுதான். குட்டியைத் தேடி அதே இடத்துக்குத்தான் திரும்பி வரும், பெரும்பாலும் இரவில். தடுப்பது நம் வாடை அல்ல, நாம்தான். நாய் குரைக்கும், பத்துப் பேர் கைப்பேசியோடு நிற்பார்கள், அது எப்படி வரும்?

தவாய்க் காட்டில் மரக் கேம்பில் கணக்கு எழுதிய காலத்தில் நானும் இப்படி ஒன்றைத் தூக்கி வந்தேன். என் மனைவி 'பாப்பு' என்று பேர்கூட வைத்துவிட்டாள். முதல் இரவு கேம்புக்குப் பின்னால் ஏதோ உறுமியது. தகர டின்னைத் தட்டி விரட்டினோம். பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு கழன்று, ஐந்தாம் நாள் பாப்பு செத்தது. அன்றிரவு வந்தது யாரென்று புரிய எனக்கு வருஷங்கள் பிடித்தன.

அதனால்தான் சொன்னேன்: பாலை நிறுத்துங்கள். காற்றோட்டமான மூங்கில் கூடையில், குட்டி தானாக வெளியே வர முடிகிற மாதிரி, எடுத்த இடத்திலேயே ஏறக்கூடிய மரத்தடியில் சாயுங்காலம் வையுங்கள். நாய்களைக் கட்டுங்கள். அந்தப் பக்கம் இரண்டு நாள் பால் வெட்டு வேண்டாம். ஒளிந்திருந்து வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். நெஞ்சில் பிறையுள்ள இந்தத் தேன் கரடி (sun bear) கரடிகளிலேயே சின்னது என்றாலும் குட்டிக்காரி பொல்லாதவள். தோல் தளர்வாக இருப்பதால் பிடித்த பிடியிலேயே திரும்பிக் கடிக்கும். மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டும்போது அகப்படும் சிறுத்தைக் குட்டிகளையும் இப்படித்தான் பெட்டியில் வைத்துத் தாயிடம் சேர்க்கிறார்கள்.

தாய் வராவிட்டால், அல்லது கண்ணியில் செத்திருந்தால், டவுன்ஷிப் வன அலுவலகத்துக்குத்தான் சொல்ல வேண்டும். கரடி பாதுகாக்கப்பட்ட விலங்கு, வீட்டில் வளர்த்தால் வழக்கு வரும். அதற்கு முன்னால் மருந்துக்கென்று கரடிப் பித்தப்பைக்கு விலை பேச ஆள் வரும், அது இன்னும் மோசம். தாயோடு இரண்டு வருஷமாவது சுற்றித்தான் இது பிழைப்பைக் கற்கும். இந்தியாவின் அருணாசலப் பிரதேசத்தில், பக்கே புலிகள் காப்பகத்தில் தாயில்லாக் கருங்கரடிக் குட்டிகளைக் காவலர்கள் தினமும் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போய்ப் பழக்குகிறார்கள். உங்கள் மச்சானுக்கு அதற்கு நேரமுண்டா?

பர்மியர் கரடியை 'வெட்வுன்' என்பார்கள், 'வெட்' என்றால் பன்றி. மச்சானும் முதலில் பன்றிக்குட்டி என்றுதான் நினைத்தாராம்!

இரண்டாம் நாள் காலையில் கூடை பிய்ந்து கிடந்ததாம். ஓடைச் சேற்றில் பெரிய தடமொன்று, பக்கத்திலேயே சின்னது. மச்சானுக்குக் கூடை போனதுதான் வருத்தமாம்.