சட்டம் கேளுங்கள்: வகுப்பும் வக்காலத்தும்

கேள்வி: எல்.எல்.எம். முடித்து மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கிறேன். சட்டக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமா?

பதில்: முழுநேரச் சம்பள வேலை என்றால் கூடாது. வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி 49 தடுக்கிறது. வேலையில் சேரும்போது மாநில பார் கவுன்சிலுக்கு எழுதி, வக்கீலாகப் பதிவு செய்ததற்கான அசல் என்ரோல்மென்ட் சான்றிதழையும் பதிவுத் தபாலில் அனுப்பித் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும்.

பகுதிநேர ஆசிரியர் வேலைக்கு வழி உண்டு. வக்கீல்கள் சட்டம் கற்பிப்பது பற்றிய 1979-ஆம் ஆண்டு விதிகள், நாளொன்றுக்கு 3 மணி நேரம் வரை வகுப்பெடுக்க அனுமதிக்கின்றன. ஆகவே நியமன உத்தரவில் ‘முழுநேரம்’ என்று இருக்கிறதா, தினசரி நேரம் எவ்வளவு என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

பலர் சறுக்குவது கையில் இருக்கும் பழைய வழக்குக் கட்டுகளில்தான். கல்லூரியில் சேர்ந்த பின்னும் வக்காலத்தில் (கட்சிக்காரர் தன் சார்பில் ஆஜராக வக்கீலுக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) உங்கள் பெயரே இருந்தால், வாய்தா எனும் விசாரணைத் தேதிக்கு ஆள் போகாமல் வழக்கு தள்ளுபடியாகும். உங்கள் மேல் புகாரும் வரும். சேருவதற்கு முன்பே ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் சொல்லி, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்து, புது வக்கீலின் வக்காலத்து தாக்கலானதா என்று சரிபாருங்கள்.

கேள்வி: கோர்ட்டுக்குப் போகாத பேராசிரியர் ஊர் மக்களுக்கு என்ன செய்ய முடியும்?

பதில்: நிறைய. கல்லூரிச் சட்ட உதவி மையத்தில் மாணவர்களை வைத்து மனு எழுதலாம். ஆஜராவதற்கு இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் உள்ளவரிடம் அனுப்பலாம். வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது தேதி. செக் திரும்பிய வழக்கில், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். ஆவணம் தேடிக்கொண்டே அந்தக் கெடுவைக் கோட்டை விடுகிறார்கள். இன்னொன்று, பெண்களிடம் வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பவே கூடாது. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் பிரிவு 12-இன்படி இலவச சட்ட உதவி பெறப் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது.

பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக விரும்பினால் யோசித்து விண்ணப்பியுங்கள். அது மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டிய குழு. முழுநேரப் பாடவேளையோடு ஒத்துவராது; பாதிப்பு குழந்தைகளுக்கு.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு மறுபடி கறுப்புக் கோட்டு போடலாமா?

பதில்: போடலாம். இடைக்காலத்தில் தகுதியிழப்பு எதுவும் நேரவில்லை என்ற பிரமாணப் பத்திரத்தோடு மாநில பார் கவுன்சில் செயலருக்கு விண்ணப்பியுங்கள்.