பஞ்சி பிடித்த உடம்பும் பத்து நிமிட நடையும்: வாசகர் கேள்வி பதில்

உடற்பயிற்சி பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறைதான்: "செய்யவேணும் என்று தெரியும், செய்ய மனம் வருதில்லை." அவற்றில் ஆறு கேள்விகளை எடுத்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 34 வயது. வங்கியில் வேலை, நாள் முழுக்கக் கதிரைதான். மூன்று முறை ஜிம்முக்குக் காசு கட்டிச் சேர்ந்தேன். மூன்று முறையும் மூன்றாம் கிழமையோடு நின்றுவிட்டேன். உடற்பயிற்சி என்றாலே வெறுப்பாகக் கிடக்கு. என்னில்தான் பிழையா?
(கொக்குவில் வாசகர்)

மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றிருக்கிறீர்கள். தொடங்கிய அளவு கூடிப்போயிருக்கும் என்பதே எங்கள் முதல் ஊகம். பல மாதம் அசையாமல் இருந்த உடம்பை முதல் நாளே ஒரு மணி நேரம் வருத்தினால், கதைக்க முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும். அந்த எல்லையைத் தாண்டினால் பெரும்பாலானோருக்கு மனம் கசக்கும், சுறுசுறுப்பான ஆளாக இருந்தாலும்தான். அடுத்த முறை சப்பாத்தைக் கண்டதும் அந்தக் கசப்புத்தான் முதலில் நினைவுக்கு வரும். அதோடு தசை நோவும் சேரும். பழக்கமில்லாத வேலை கொடுத்த தசை அன்றே நோகாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் படியிறங்க முடியாமல் உளையும், மூன்று நாளில் தணியும். "உடம்புக்கு ஒத்துவரவில்லை" என்று பலர் விட்டுவிடுவது அந்த மூன்று நாளில்தான்.

எனவே அளவுக்கு ஒரு கோல் வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடியவேண்டும், ஆனால் ஒரு தேவாரத்தை இழுத்துப் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. கதைக்கவே முடியாவிட்டால் கூடிவிட்டது. நிமிடத்துக்கு 100 அடி என்பது பலருக்கு இந்த வேகமாக இருக்கும். முதல் இரண்டு கிழமையும் நாளுக்கு 10 நிமிடம், கிழமையில் ஐந்து நாள். அதற்கு மேல் போகலாம் போலத் தோன்றினாலும் போகவேண்டாம். "இன்னும் கொஞ்சம் நடந்திருக்கலாமே" என்ற நினைப்போடு வீட்டுக்கு வருவது நல்லது. மூன்றாம், நான்காம் கிழமைகளில் 15 நிமிடம், பிறகு 20, பிறகு 30. கடைசி மூன்று நிமிடத்தை எப்போதும் மெதுவாக நடந்து முடியுங்கள். முடிவு இதமாக இருந்தால் முழுப் பயிற்சியும் இதமாக இருந்ததாகவே மனதில் பதியும்.

அடுத்தது நேரம். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்து, தேத்தண்ணி குடித்து, கதிரையில் சாய்ந்து போனைக் கையில் எடுத்தபின் எழும்ப மனம் வராது. அந்தச் சண்டையில் வெல்ல முயல்வதைவிட, சண்டை வராமல் பார்ப்பது சுலபம். சப்பாத்தை மோட்டார்சைக்கிள் பெட்டியிலோ வேலைப் பையிலோ வைத்திருங்கள். கேற்றடியில் வண்டியை விட்டதும் சப்பாத்தை மாற்றி, வீட்டுக்குள் கால் வைக்காமலே ஒழுங்கையில் ஐந்து நிமிடம் போய் ஐந்து நிமிடம் திரும்பி வாருங்கள். "பின்னேரம் நடப்பேன்" என்பது பெரும்பாலும் நடக்காது. "வண்டியை விட்டதும் நடப்பேன்" என்பது நடக்கும்.

நடக்கும்போது மட்டும் கேட்பதற்கென்று ஒரு தொடரையோ பாட்டுகளையோ ஒதுக்கிவைப்பதும் உதவும். அமெரிக்காவில் ஜிம்மில் மட்டும் கேட்கலாம் என்ற நிபந்தனையோடு ஒலிப்புத்தகங்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. ஆரம்பத்தில் வரவு நன்றாகக் கூடியது. விடுமுறை ஒன்று குறுக்கிட்டதும் அந்தப் பலன் மங்கியது. ஆகவே இதை ஊன்றுகோலாக மட்டும் வையுங்கள். உங்கள் பக்கம் தண்டவாளம் ஓடுவதால் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், கடவையில் அதையும் கழற்றுங்கள்.

ஜிம்முக்கு மூன்றாம் கிழமையில் திரும்பலாம். கிழமைக்கு இரண்டு நாள், 25 நிமிடம், நான்கு பயிற்சிகள் போதும்: இருந்து எழும்புவது, தள்ளுவது, இழுப்பது, வயிற்றை இறுக்கி நிற்பது. முதல் மூன்றும் 10 தடவைப்படி இரண்டு சுற்று. இன்னும் மூன்று தடவை செய்யலாம் என்றிருக்கும்போதே நிறுத்துங்கள். வயிற்றுக்கு 15 விநாடி நின்றாலே ஆரம்பத்துக்குப் போதும். பயிற்றுநரிடம் இந்தக் கணக்கை முதலே சொல்லிவிடுங்கள். முதல் நாளே நூறு தடவை இருந்தெழும்பச் சொல்லும் இடத்தில் "இண்டைக்கு இவ்வளவும் போதும்" என்று சொல்ல வெட்கப்படவேண்டாம். அளவுமீறிச் செய்தபின் தசை வீங்கி, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் ஆபத்து இருக்கிறது. தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

கேள்வி: விடிய ஐந்து மணிக்கு எழும்பினால் இரவு பத்து மணிவரை வீட்டு வேலைதான். இதுவே பயிற்சிதானே? றோட்டில் சப்பாத்துப் போட்டு நடக்க வெட்கமாகவும் இருக்கு. அயலட்டை "எங்க போறியள்?" என்று கேட்கும்.
(சுன்னாகம் வாசகி)

முற்றம் கூட்டுவது, கிணற்றில் அள்ளுவது, துவைத்துக் காயப்போடுவது எல்லாம் கணக்கில் வரும். ஒரே மூச்சில் 10 நிமிடம் செய்தால்தான் சேரும் என்ற பழைய நிபந்தனையையும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் விட்டுவிட்டது. ஆனால் சமைக்க நிற்பதும் காய்கறி வெட்டுவதும் மூச்சைக் கூட்டாது. நாரியும் காலும் நோகும், இதயத்துக்கு வேலை கிடைக்காது. நாள் முழுக்கக் களைத்தும் உடம்பு பலப்படாமல் இருப்பது அதனால்தான். அதே வழிகாட்டல் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவையும், குறைந்தது இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சியையும் சொல்கிறது. உங்களிடம் குறைவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். அதற்கு றோட்டுக்குப் போகத் தேவையில்லை.

கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி, மூன்று எண்ணி மெதுவாக இருங்கள்: 8 தடவை. பிளாஸ்டிக் கதிரை மாபிள் தரையில் பின்னால் வழுக்கும், ஆகவே சுவரோடு முட்டவைத்துச் செய்யுங்கள். முழங்கால் நொந்தால் கதிரையில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டலாம். அடுத்து, சுவரில் இருந்து ஒரு கை நீளம் தள்ளிநின்று, இரு உள்ளங்கையையும் மார்பு உயரத்தில் ஊன்றி, நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் தள்ளி வாருங்கள்: 8 தடவை. நாரி வளையக்கூடாது. கதவு நிலையைப் பிடித்துக் குதிக்காலை உயர்த்தி இறக்குவது 12 தடவை. கடைசியாக 5 லீற்றர் தண்ணீர்க் கலன் இரண்டை இரு கையிலும் தூக்கி விறாந்தையில் 30 விநாடி நடை. எல்லாம் ஒரு சுற்று, ஐந்து நிமிடம்கூட ஆகாது. கிழமைக்கு மூன்று நாள் செய்யுங்கள். இரண்டு கிழமைக்குப் பின் இரண்டு சுற்று. சோறு வேகும் நேரத்தை இதற்கென்று வைத்தால் தனியாக நேரம் தேடவேண்டியதில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குவதுதான் பலர் விடும் பிழை. தூக்கும்போதும் தள்ளும்போதும் மூச்சை வெளியே விடுங்கள்.

வெட்கத்துக்கு: கடைக்கும் கோயிலுக்கும் போகும் நடையை வேகமாக்கினால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அல்லது அயலில் ஒருவரைக் கூட்டுச் சேருங்கள். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் கேள்வி குறையும், ஒருவர் பஞ்சிப்பட்டாலும் மற்றவர் படலையடியில் வந்து கூப்பிடுவார், விடியப்புற ஒழுங்கை நாய்களுக்கும் பயமில்லை.

கேள்வி: நாளுக்கு 10,000 அடி நடக்காவிட்டால் பலனில்லையா?
(மானிப்பாய் வாசகர்)

பலன் உண்டு. அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்து பரவியது. மருத்துவர்கள் கணக்கிட்டு வைத்த எல்லை அல்ல. இந்தக் கிழமை உங்கள் போன் காட்டும் சராசரி 3,000 என்றால், அடுத்த கிழமைக்கு 4,000 என்று வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, பத்து வருசமாகச் சலரோகம். குளிசை எடுக்கிறார். நடக்கச் சொன்னால் "காலமெல்லாம் தோட்டத்தில் நடந்த கால் இது" என்கிறார். எப்படி இணங்கவைப்பது?
(கரவெட்டி வாசகி)

"நடவுங்கோ" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் மறுப்பு இன்னும் இறுகும். அவர் விருப்பத்தோடு செய்யும் ஒன்றைப் பிடியுங்கள்: பேப்பர் வாங்கப் போவது, பேரப்பிள்ளையை ரியூசனில் இருந்து கூட்டிவருவது, பின்னேரக் கோயில். அதை அவர் பொறுப்பாகக் கொடுத்துவிட்டு, பயிற்சி என்ற சொல்லையே எடுக்காதீர்கள்.

நேரம் தெரிவதில் ஒரு நுட்பம் உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சலரோகம் உள்ள 41 பேர் தினமும் ஒரே தடவையில் 30 நிமிடம் நடந்தும், பிறகு மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடப்படி நடந்தும் பார்த்தார்கள். பிந்தியதில் சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இராச்சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம். பிட்டோ இடியப்பமோ சாப்பிட்ட கையோடு சாய்ந்துவிடும் நம் வழக்கத்துக்கு இது நேரான மருந்து. இராச்சாப்பாடு முடிந்ததும் நீங்களும் அவரோடு முற்றத்தில் பத்து நிமிடம் கதைத்துக்கொண்டு நடவுங்கள். தோட்டக் கதையை அவர் சொல்லட்டும்.

அதற்கு முன் கவனிக்கவேண்டியவை. குளிசையின் பெயரைப் பாருங்கள். மெற்போமின் மட்டும் என்றால் சீனி அளவுக்கு மீறி இறங்குவது அரிது. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் அல்லது இன்சுலின் எடுப்பவருக்கு நடக்கும்போது இறங்கலாம். அப்படியானால் நடக்குமுன் இரத்தச் சீனி 90 mg/dLக்குக் கீழ் இருந்தால் சிறிது மாச்சாப்பாடு சாப்பிடவேண்டும். சட்டைப்பையில் சீனியோ குளுக்கோசோ இருக்கட்டும். கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்து, கண் மங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள்.

கால் இன்னும் முக்கியம். பத்து வருசச் சலரோகத்தில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம், புண் வந்தாலும் நோகாது. தேய்ந்த ரப்பர்ச் செருப்பு வேண்டாம். விரல் நெரியாத, பின்பக்கம் மூடிய சப்பாத்தும் பருத்திக் காலுறையும் வேண்டும். போடுமுன் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டுங்கள். இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்கள் பாருங்கள், அவருக்குக் குனிந்து பார்ப்பது கடினம். நல்லூர்த் திருவிழா நாட்களில் மத்தியானச் சுடுமணலில் வெறுங்காலோடு வீதி சுற்றவிடாதீர்கள். விடிய அல்லது இரவுப் பூசைக்குக் கூட்டிப்போங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கையோ தாடையோ நொந்தாலோ உடனே நிறுத்தி 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். கண்ணில் சலரோகப் பாதிப்பு, இதய வருத்தம், ஆறாத கால் புண் இருந்தால் கிளினிக்கில் கேட்டபின்தான் தொடங்கவேண்டும்.

கேள்வி: கம்பஸ் மாணவி நான். நடப்பதும் ஜிம்மும் எனக்குச் சலிப்பு. சைக்கிள் ஓடினால் முழங்கால் நோகிறது. வேறு என்ன செய்யலாம்?
(திருநெல்வேலி வாசகி)

சைக்கிளை விடவேண்டாம், சீற்றை உயர்த்துங்கள். நம் ஊரில் இரண்டு காலும் நிலத்தில் முழுதாகப் படும்படி சீற்றைத் தாழ்த்தி வைப்பார்கள். அதனால் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, முன்பக்கம் நோகும். பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் சற்று மட்டும் மடங்கும். ஒரே நாளில் உயர்த்தாமல் ஒரு சென்றிமீற்றர்ப்படி உயர்த்துங்கள். நிற்கும்போது சீற்றை விட்டு முன்னால் இறங்கப் பழகவேண்டும். ரயரில் காற்றையும் பாருங்கள். பெருவிரலால் அமத்தினால் அமிழும் ரயரோடு ஓடுவது தேவையில்லாத பாரம்.

பண்ணைக் கடற்கரைக்குப் போய்வரலாம், 10 கிலோமீற்றர் வராது. பண்ணை உங்களுக்குத் தென்மேற்கே இருப்பதால், வைகாசி தொடங்கி வீசும் சோளகக் காலத்தில் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். அதுதான் நல்ல ஒழுங்கு, களைத்தபின் சுகமாக வரலாம். வாடைக் காலத்தில் இது தலைகீழ். போகும்போது இலகுவாக இருக்கிறதென்று பாலத்தையும் தாண்டிப் போனால் திரும்பும்போது நெஞ்சு வாங்கும், ஆகவே கோட்டையடியோடு திரும்புங்கள். 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் சைக்கிள் திரும்ப வெளியே வந்தது. பெற்றோல் வந்ததும் பல திரும்பக் கொட்டிலுக்குள் போயின. கிழமைக்கு மூன்று நாள் கம்பசுக்கு அதில் போனாலே பயிற்சிக்குத் தனி நேரம் வேண்டாம்.

அதுவும் சலித்தால் விளையாட்டு. பத்துப் பேர் சேர்ந்தால் கிளித்தட்டு அரை மணி நேரம் ஓட்டத்துக்குச் சமம், ஓடுகிறோம் என்ற எண்ணமே வராது. கணுக்கால் பிரளாமல் இருக்க முதல் ஐந்து நிமிடம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்குங்கள்.

கேள்வி: இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தேன். மழையும் டெங்குவும் வந்து ஒரு மாதம் நின்றுபோனது. எல்லாம் வீணா?
(சாவகச்சேரி வாசகர்)

வீணில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18, சிலருக்கு 200க்கும் மேல். இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. உங்களுடையது ஒரு மாதம், அதனால் விட்ட இடத்தில் இருந்து தொடங்கவேண்டாம். 30 நிமிடம் நடந்தவர் என்றால் 10 நிமிடத்தில் தொடங்கிக் கிழமைக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். டெங்குவுக்குப் பின் வரும் களைப்புச் சில கிழமை நிற்கும். நடந்த மறுநாள் வழக்கத்தைவிடக் களைத்தால் அளவைக் குறையுங்கள். மழை நாளுக்கு விறாந்தையில் நின்ற இடத்தில் நடையும், சுன்னாகம் வாசகிக்குச் சொன்ன ஒரு சுற்றும் போதும். வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் மட்டும் இறங்கவேண்டாம். கீழே குழியும் கண்ணாடித் துண்டும் தெரியாது.