எலி பிடிக்கும் பூனைக்குட்டிக்குக் கருத்தடை ஆபரேஷன்: மாட்டு மருந்துப் பெட்டியைப் பூட்டி வையுங்கள்

கேள்வி: டாக்டர் சார், பெங்களூரு ஆனேக்கல் பக்கம் பாலிஹவுஸில் ரோஜாவும் லிலியமும் போடுகிறோம், பின்பக்கம் மூன்று மாடு இருக்கிறது. எலித் தொல்லைக்காக ஒரு பெட்டைப் பூனைக்குட்டி வளர்க்கிறோம், ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டு தரையில் உருண்டது. அடுத்த வாரம் கருத்தடை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். ஒரு ஈத்து போட்ட பிறகு செய்தால் போதும், இல்லாவிட்டால் எலி பிடிக்காமல் சோம்பேறியாகிவிடும் என்கிறார் மாமியார். ஆபரேஷனுக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்? அப்புறம் எங்கள் பூ கட்டும் அறை குளிர்ச்சியாக, சத்தமில்லாமல் இருக்கும், அதில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா? மாட்டுக்கு வாங்கிய வலி ஊசி மருந்தும் காயத்துக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் மிச்சம் இருக்கிறது, அதையே போடலாமா?

பதில்: அம்மா, கடைசியில் கேட்ட இரண்டுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பூ கட்டும் அறை வேண்டாம், மாட்டு மருந்து ஒரு சொட்டுகூட வேண்டாம். கருத்தடை ஆபரேஷன் கைபழகிய டாக்டருக்குச் சின்ன வேலைதான், ஐந்து மாதக் குட்டி இரண்டு மூன்று நாளில் ஒன்றும் நடக்காத மாதிரி ஓட ஆரம்பித்துவிடும். தோட்டத்துப் பூனைகளைப் பொறுத்தவரை எனக்குக் கத்தியை நினைத்துப் பயம் இல்லை, வீட்டுக்கு வந்த பிறகு நல்ல எண்ணத்தில் நாம் தடவுகிற, ஊற்றுகிற, கொடுக்கிற பொருட்களை நினைத்துத்தான் பயம்.

லிலியம் பூனைக்குக் கடும் விஷம். இலை, இதழ், மகரந்தத் தூள், பூ நிற்கும் வாளித் தண்ணீர், எல்லாமே. தின்ன வேண்டும் என்றுகூட இல்லை, ரோமத்தில் ஒட்டிய மஞ்சள் தூளைப் பூனை நக்கினாலே போதும், இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். மாடு மேய்ந்துவிட்டு நன்றாக இருந்ததே என்று கணக்குப் போடாதீர்கள், இது பூனைக்கென்றே இருக்கும் ஆபத்து. இவ்வளவு நாள் உங்கள் குட்டி தப்பித்திருக்கிறது என்றால் ரோஜா பக்கமே சுற்றியிருக்க வேண்டும். இனிமேல் லிலியம் பாலிஹவுஸ் கதவை அடைத்தே வையுங்கள். டாக்டரிடம் போகும்போது "வீட்டில் லிலியம் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள், மயக்கம் கொடுப்பதற்கு முன் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பார். பூ அறை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் அந்தக் குளிர்ச்சி. மயக்க மருந்து உடம்புச் சூட்டை இறக்கிவிடும், ஒன்றரை இரண்டு கிலோ உடம்பு திரும்பச் சூடாக நேரமாகும்.

அடுத்தது மருந்துகள். பூனையின் கல்லீரலுக்கு ஒரு வேலை சரியாக வராது. சில மருந்துகளோடு குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்து வெளியே தள்ளுகிற வேலை அது, மனிதன், மாடு, நாய் எல்லாவற்றுக்கும் உண்டு, பூனைக்கு ரொம்பக் குறைவு. அதனால் நமக்குச் சாதாரணமான டோலோ, குரோசின் போன்ற பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு எமன். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகி, முகம் வீங்கிச் செத்துப்போகும். டெட்டால், பினாயில் இரண்டையும் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், தரை துடைக்கக்கூட அந்த அறையில் வேண்டாம். மாட்டு உண்ணிக்கு அடிக்கிற சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்தும் ஆகாது, தெளித்த கையோடு பூனையைத் தூக்கக் கூடாது, ஈரம் காயாத மாட்டோடு உரச விடவும் கூடாது. உங்களிடம் மிச்சம் இருக்கும் வலி ஊசி மருந்து அநேகமாக மெலோக்ஸிகாமாக இருக்கும். பூனைக்கும் அது உண்டுதான், ஆனால் மாட்டு பாட்டிலில் இருக்கும் வீரியத்துக்கு, பூனைக்குத் தேவையானதை ஊசியில் அளந்து எடுப்பதே கஷ்டம், கொஞ்சம் கூடினாலும் சிறுநீரகம் போய்விடும். புழு வைத்த காயத்துக்கு நாம் ஊற்றுகிற டர்பன்டைன், கற்பூர எண்ணெய், ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் விஷம் இல்லை என்றாலும் தையல் மேல் தடவினால் பூனை நக்கத்தான் செய்யும், நக்கினால் தையல் பிரியும். காய்ந்த தையல்தான் நல்ல தையல், அதன் மேல் எதையும் போடாதீர்கள்.

சரி, ஆபரேஷனுக்கு முன் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். எலிக்கு பிஸ்கட், கேக் என்று ஏதாவது வைத்தீர்களா? அதை நீங்கள் கேள்வியில் எழுதவில்லை, ஆனால் பூனை வைத்திருக்கும் தோட்டங்களிலும் கிடங்கு மூலையில் ஒரு நீல நிறக் கேக் கிடப்பதை அடிக்கடி பார்க்கலாம். புரோமாடியோலோன் வகை மருந்து என்றால் அது ரத்தம் உறைவதைத் தடுத்துத்தான் எலியைக் கொல்கிறது, அந்த எலியைத் தின்ற பூனைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், வெளியே ஒன்றும் தெரியாது, மேசையில் வயிற்றைத் திறந்த பிறகு ரத்தம் நிற்காது. கடந்த சில வாரங்களில் நீங்களோ பக்கத்துத் தோட்டக்காரரோ வைத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறையும் நேரம் பார்ப்பார், தேவைப்பட்டால் வைட்டமின் கே கொடுத்துத் தேதியைத் தள்ளிவைப்பார்.

போன வாரம் அது கத்தி உருண்டது பருவத்துக்கு வந்ததன் அடையாளம். அந்த ராத்திரிகளில் வெளியே இருந்ததா, உள்ளே இருந்ததா? வெளியே இருந்திருந்தால் சினை பிடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பூனைக்கு இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளிவரும், அதனால் தப்புவது அபூர்வம். ஆரம்பச் சினையாக இருந்தாலும் ஆபரேஷன் செய்யலாம், அது உங்கள் முடிவு, ஆனால் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பருவத்தில் இருக்கும்போது கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் பருத்து இருக்கும், சில டாக்டர்கள் அது அடங்கட்டும் என்பார்கள். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பவும் வரும் என்பதால் தேதி தள்ளினால் குட்டியை அதுவரை கண்டிப்பாக உள்ளேயே அடைத்து வைக்க வேண்டும்.

குடற்புழு மருந்து, தெள்ளுப்பூச்சி, தடுப்பூசி இந்த மூன்றும் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுக் கொட்டகையில் படுத்த குட்டிக்குத் தெள்ளுப்பூச்சி நிறைய இருந்தால் ரத்தசோகை இருக்கும், மயக்கத்துக்கு அது நல்லதல்ல. பூனைக்கான முத்தடுப்பு ஊசி இன்னும் போடவில்லை என்றால் டாக்டரைக் கேட்டு முதல் ஊசியை முன்னாலேயே போட்டுவிடுவது நல்லது, நாலு பூனை வந்துபோகும் இடத்துக்குத்தானே கூட்டிக்கொண்டு போகிறீர்கள்.

பட்டினி விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்லும் நேரமே கணக்கு. இந்த வயதுக்குப் பெரும்பாலும் ஆறு மணி நேரம் போல் சொல்வார்கள், நாலு மாதத்துக்கும் குறைந்த குட்டிகளுக்கு இன்னும் குறைவு, ஏனென்றால் குட்டி நெடுநேரம் வெறும் வயிற்றோடு இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். தண்ணீர் கிளம்பும்வரை இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், முந்தின ராத்திரி அதை அறைக்குள் பூட்டி வைக்க வேண்டும். நீங்கள் தட்டை எடுத்துவிட்டுப் பட்டினி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது விடியற்காலையில் ஒரு சுண்டெலியை முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கும். வயிற்றில் உணவோடு மயங்கினால் வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகும்.

எங்கே செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, நல்ல இடம்தான், ஆனால் ஆனேக்கலில் இருந்து அது ஊரின் மறுகோடி, புதுத் தையலோடு குட்டியை சில்க் போர்டு நெரிசலில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சந்தாபுரம், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் பூனை ஆபரேஷன் வழக்கமாகச் செய்யும் டாக்டர் கிடைத்தால் அவரே மேல், ராத்திரி ஏதாவது என்றால் ஓடிப்போகலாம். தெருப்பூனைத் திட்டத்தில் செய்தால் அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டுவார்கள், வேண்டாம் என்றால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாக்குப்பையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள், பூ அனுப்புகிற பிளாஸ்டிக் கிரேட் இரண்டை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்துக் கயிறு கட்டி, நன்றாகக் கழுவி, உள்ளே பழைய துண்டு விரித்தால் போதும். லிலியம் சுமந்த கிரேட் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரிதான் கவனமாக இருக்க வேண்டியது. தள்ளாடும், கண் அகலத் திறந்தபடி வெறிக்கும், சில குட்டி காரணமில்லாமல் சீறும், எல்லாம் மயக்கத்தின் மிச்சம். கட்டிலிலோ பரணிலோ வைக்காமல் தரையிலேயே, ஒரு சின்ன அறையில், சணல் சாக்கின் மேல் கம்பளி போட்டுப் படுக்க வையுங்கள். கோழிக்குஞ்சுக்குப் போடுகிற பல்பைத் தலைக்கு மேல் தொங்கவிட்டுவிடாதீர்கள், மயக்கத்தில் அது நகர முடியாது, தோல் வெந்துவிடும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வைத்தால் வேண்டுமானால் ஒட்டிக்கொள்ளும், வேண்டாவிட்டால் விலகும். நிலையாக நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு வாய்த் தண்ணீர், வாந்தி இல்லை என்றால் வழக்கத்தில் கால்வாசிச் சாப்பாடு. உப்பும் வெங்காயமும் பூண்டும் போடாத வேகவைத்த கோழி நல்லது. கறந்த பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வந்தால் முக்கி முக்கித் தையலுக்குத்தான் கேடு.

அதற்குப் பிறகு பத்து முதல் பதினான்கு நாள் அடைப்பு. வலி குறைந்த மூன்றாம் நாளே குதிக்கப் பார்க்கும், உங்களுக்கும் பாவமாக இருக்கும், விடாதீர்கள். கழுத்துப் புனல் கட்டாயம், அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் குழந்தையின் பழைய பனியனில் நாலு கால் ஓட்டை போட்டு மாட்டிவிடலாம். மலஜலத்துக்கு வைக்கும் தட்டில் மண்ணோ, பாலிஹவுஸில் கிடக்கும் தேங்காய் நார்த் தூளோ போடாதீர்கள், தையலில் ஒட்டும், கிழித்த செய்தித்தாள் போதும். ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள், இது முக்கியம், சாணக்குழி பக்கத்தில் இருக்கும் வீட்டில் ஈரமான தையலில் ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும். குளிப்பாட்ட வேண்டாம்.

காலையும் மாலையும் தையலைப் பாருங்கள், தினம் ஒரே நேரத்தில் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் மாற்றம் சட்டென்று தெரியும். லேசான சிவப்பு, விளிம்பில் தடிப்பு, ஒரு வாரம் கழித்துத் தோலுக்கடியில் பட்டாணி அளவு கட்டி, இதெல்லாம் தையல் நூலுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு, பெரும்பாலும் தானாகக் கரையும். ரத்தம் சொட்டுவது, நாற்றம், தையல் வாய் திறப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமலோ மூத்திரம் போகாமலோ இருப்பது, இதில் எது வந்தாலும் உடனே கிளம்புங்கள். ஈறு வெளுத்துப்போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். கால்நடை நடமாடும் மருத்துவ வண்டிக்கான 1962 எண்ணுக்குப் போன் போட்டு, மாடு பார்க்க வரும் டாக்டரை எதிர்பார்த்து உட்கார வேண்டாம், ஆபரேஷன் செய்த இடத்தின் ராத்திரி எண்ணை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். ஒரு ஈத்து போட்டால் பூனைக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பூனைக்குப் பிற்காலத்தில் மடிக்கட்டி வரும் வாய்ப்பு சுமார் 90 சதவீதம் குறைகிறது, பூனைக்கு வரும் மடிக்கட்டியில் பெரும்பாலானவை புற்றுநோய். கருப்பையில் சீழ் பிடிப்பதும் இல்லாமல் போகும். சினைக்காலம் ஒன்பது வாரம், குட்டி பால் குடிக்கும்போதே திரும்பப் பருவத்துக்கு வரும், ஒரு ஈத்து என்று ஆரம்பித்தால் அடுத்த வருஷம் உங்கள் கொட்டகையில் எத்தனை வால் இருக்கும் என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். எலி பிடிப்பது கருப்பையில் இல்லை, அந்தப் பழக்கம் அப்படியே இருக்கும். ஆனால் பெரியவர் பார்வையிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆபரேஷனுக்குப் பிறகு உடம்புக்குத் தேவையான தீனி குறையும், பசி கூடும், அதே அளவு போட்டால் குண்டாகிப் படுத்துவிடும். காயம் ஆறிய பிறகு சாப்பாட்டில் கால் பங்கு குறையுங்கள், ஆனால் பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்பது தப்பு.

தையல் பிரிக்கப் போகும் நாளில், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடாமல் இருந்தால் அதையும் கேட்டுப் போட்டுக்கொண்டு வாருங்கள். மூன்று மாதம் தாண்டிய குட்டிக்குப் போடலாம், தெரு நாயோடு புழங்குகிற பூனை அது.