நீண்டகால முதலீட்டுக்கு இடிஎஃப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இடிஎஃப் (ETF) என்பது பொதுவாக ஒரு குறியீட்டில், அதாவது சந்தையின் போக்கைக் காட்டத் தொகுக்கப்பட்ட பங்குப் பட்டியலில், உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைத்திருக்கும் நிதி. அதன் யூனிட்டுகளை பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு வழியாகப் பங்குகளைப் போலவே வாங்கலாம், விற்கலாம். நிஃப்டி 50 இடிஎஃப் ஒன்றை வாங்கினால், 50 பெரிய நிறுவனங்களில் சிறு பங்கு கிடைக்கிறது. ஒரே துறையைப் பின்தொடர்பவற்றைவிட இத்தகைய பரந்த குறியீடே நீண்டகாலத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து.

அடுத்தது செலவு விகிதம், அதாவது நிதியை நடத்துவதற்காக ஆண்டுதோறும் உங்கள் முதலீட்டிலிருந்து கழிக்கப்படும் சதவீதம். 10 லட்சம் ரூபாய்க்கு 0.05 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 500 ரூபாய், 0.50 சதவீதம் என்றால் 5,000 ரூபாய். கழிந்த பணம் கூட்டு வளர்ச்சியையும் இழக்கிறது. குறியீட்டின் வருமானத்திலிருந்து நிதி எவ்வளவு பின்தங்கியது என்பதையும் பாருங்கள்.

பலர் கவனிக்கத் தவறுவது வர்த்தக அளவைத்தான். கோயம்பேடு சந்தையில் அதிகாலையில் வாங்குவோரும் விற்போரும் நிறைந்திருப்பதால், தக்காளிக்கு ஏறத்தாழ ஒரே விலை நிலவும். ஆள் வராத தெருமுனைக் கடையிலோ கடைக்காரர் சொல்வதே விலை. வர்த்தகம் குறைந்த இடிஎஃப்பிலும் அப்படியே, கையிருப்பிலுள்ள பங்குகளின் உண்மை மதிப்பைவிட அதிகம் கொடுத்து வாங்கி, குறைத்து விற்க நேரிடும். ஆகவே, ஒரு யூனிட்டுக்கான அந்த உண்மை மதிப்பை அவ்வப்போது காட்டும் நிகழ்நேர நிகர மதிப்பைச் சந்தை விலையுடன் ஒப்பிட்டு, நீங்களே விலை குறிப்பிடும் லிமிட் ஆர்டரில் வாங்குங்கள்.

ஒரு யூனிட் 25 ரூபாய்க்குக் கிடைப்பது 250 ரூபாய் இடிஎஃப்பைவிட மலிவு என்று பலர் எண்ணுகிறார்கள். இரண்டும் ஒரே குறியீட்டைப் பின்தொடர்ந்தால், அந்த வேறுபாடு ஒரே கேக்கை எத்தனை துண்டுகளாக வெட்டினார்கள் என்பது மட்டுமே.