ஒப்பிட்டு எழுதுதல்: ஆசிரியர் கேள்வி – பதில்

கேள்வி: நான்காம் வகுப்பு எடுக்கிறேன். 'பறவையையும் வௌவாலையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக' என்றால், பறவையைப் பற்றி ஐந்து வரி, வௌவாலைப் பற்றி ஐந்து வரி எழுதி நிறுத்திவிடுகிறார்கள். இரட்டை வட்டப் படம் (ஒன்றின் மேல் ஒன்று பாதி படியும் இரு வட்டங்கள்; பொதுவானவை நடுவில், வேறுபடுபவை இருபுறமும்) போடச் சொல்லியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அந்த வட்டப் படத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். ஒரு வட்டத்தில் 'முட்டையிடும்' என்றும் மறுவட்டத்தில் 'பல் உண்டு' என்றும் பிள்ளை எழுதும். இரண்டும் உண்மை, ஆனால் ஜோடி சேராது. முட்டைக்கு எதிரே குட்டியும், பல்லுக்கு எதிரே அலகும் வந்தாக வேண்டும் என்று வட்டம் வற்புறுத்துவதில்லை.

அதற்குப் பதில் மூன்று கட்ட அட்டவணை போடுங்கள். முதல் கட்டத்தின் தலைப்பு 'எதில்?'. மற்ற இரண்டும் பறவை, வௌவால். 'எதில்?' கட்டத்தை வகுப்போடு பேசி முதலில் நிரப்புங்கள்: பறத்தல், உடலை மூடியிருப்பது, வாய், இனப்பெருக்கம். இந்த வயதுக்கு நான்கு வரிசை போதும். ஆறு, ஏழு என்று போனால் பத்தி பட்டியலாகிவிடும். ஒரு பக்கம் காலியாக இருக்கும் வரிசையைத் தயங்காமல் அடித்துவிடச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு வரிசைக்கு ஒரு வாக்கியம், இரு பக்கமும் அதற்குள்ளேயே. 'ஆனால்' மட்டும் தெரிந்த பிள்ளை அதையே நான்கு முறை எழுதும். 'உம்', 'ஓ' இரண்டையும் பழக்குங்கள்: 'பறவையும் வௌவாலும் பறக்கும்.' 'பறவைக்கு இறகு உண்டு, வௌவாலுக்கோ ரோமம்.' எழுதும் முன் வாய்மொழியாகச் செய்வது நல்லது. ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் 'வௌவாலோ...' என்று முடிக்கட்டும்.

முதல் வாக்கியத்தைக் கடைசியில் எழுத விடுங்கள். 'இவற்றுக்கு ஒற்றுமையும் வேற்றுமையும் உண்டு' என்பது எந்த இரண்டுக்கும் பொருந்தும் வெற்று வரி. அட்டவணை கையில் இருந்தால், 'இரண்டும் பறந்தாலும், உடலமைப்பிலும் இனப்பெருக்கத்திலும் வேறுபடுகின்றன' என்று பிள்ளையே எழுதிவிடும்.

கேள்வி: ஒன்றைப் பற்றி முழுதும் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகும் முறை தவறா?

பதில்: தவறில்லை, கடினம். முதல் பாதியில் சொன்ன அதே அம்சங்களை அதே வரிசையில் மறுபாதியிலும் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைக்கு அது நழுவிவிடும். அட்டவணை பழகிய பிறகு தரலாம்.

கேள்வி: எந்த ஜோடிகளைக் கொடுப்பது?

பதில்: ஒப்பிடத்தக்க ஒரே வகைக்குள் இருக்கட்டும்: பேருந்து – ரயில், தவளை – பல்லி. யானையும் பேனாவும் என்றால் 'எதில்?' கட்டமே நிரம்பாது. திருத்தும்போதும் அந்தக் கேள்வியே போதும். ஒவ்வொரு வாக்கியத்திலும் விரல் வைத்து 'எதில்?' என்று கேளுங்கள். பதில் வராத வாக்கியத்தைப் பிள்ளையே மாற்றி எழுதட்டும்.