வட்டிக் கழிவும் மறுமதிப்பீடும்: கேள்வி பதில்

வியாபாரக் கடனுக்குக் கட்டிய வட்டியைச் செலவாக ஏற்க வருமான வரித் துறை மறுப்பது, அதற்காகப் பழைய ஆண்டின் கணக்கை மீண்டும் திறப்பது (மறுமதிப்பீடு) ஆகியவை குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளித்துள்ளேன். குறிப்பிடப்படும் பிரிவுகள் அனைத்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தினுடையவை. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதலான காலத்துக்கு உரியது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் மதிப்பீட்டுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

கேள்வி: ஐயா, 2021-22 மதிப்பீட்டு ஆண்டுக்கு, மூன்றாண்டுக் கெடு முடிந்த பிறகு, 148ஏ பிரிவில் (கணக்கைத் திறக்கும் முன் விளக்கம் கேட்பது) நோட்டீஸ் வந்திருக்கிறது. தனியார் ஒருவரிடம் வாங்கிய 80 லட்சம் ரூபாய்க்குக் கட்டிய 9.60 லட்சம் ரூபாய் வட்டி செல்லாது என்கிறார்கள். இது சரியா?

பதில்: 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் 148ஏ நோட்டீஸ் அனுப்பப்பட வேண்டும், வரிக்கு வராமல் விடுபட்ட வருமானம் 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் மட்டுமே ஐந்து ஆண்டுகள் வரை செல்லலாம். உங்கள் ஆண்டுக்கு முதல் கெடு 2025 மார்ச் 31 அன்றே முடிந்துவிட்டது. ஆகவே, துறையின் புகார் வட்டியைப் பற்றியது மட்டுமே என்றால், விடுபட்டதாகச் சொல்லக்கூடிய தொகை 9.60 லட்சம்தான், கடன் 80 லட்சம் என்பதால் 50 லட்ச வரம்பைத் தாண்டியதாகக் கொள்ள முடியாது. ஆனால் கடனே போலியானது, கொடுத்தவருக்கு அவ்வளவு வசதி இல்லை என்று நோட்டீஸில் எழுதியிருந்தால் கடன் தொகை முழுவதும் 68ஆம் பிரிவின்கீழ் (சரியான விளக்கம் இல்லாத வரவு) வருமானமாகக் கொள்ளப்படலாம். அப்போது ஐந்தாண்டுக் கணக்கு பொருந்தும். எனவே நோட்டீஸுடன் இணைத்துள்ள தகவலை வரி வரியாகப் படியுங்கள். காலவரம்பு குறித்த ஆட்சேபத்தைப் பதிலின் முதல் பத்தியிலேயே வையுங்கள். பலர் அதைக் கடைசிப் பக்கத்தில் ஒப்புக்கு எழுதுகிறார்கள்.

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்தின் ஓவர்டிராஃப்ட் கணக்கிலிருந்து என் தம்பியின் சாயப்பட்டறைக்கு 35 லட்சம் ரூபாயை வட்டியில்லாமல் கொடுத்தோம். 12 சதவீதம் என்று கணக்கிட்டு 4.20 லட்சம் ரூபாய் வட்டியை மறுத்துள்ளனர். வாதாட இடம் உண்டா?

பதில்: இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் சேர்த்தே எழுப்ப வேண்டும். முதலாவது, சொந்தப் பணம். வட்டியில்லாத சொந்த நிதியும் கடன் நிதியும் ஒன்றாகக் கலந்திருக்கும்போது, கொடுத்த தொகைக்குப் போதுமான சொந்த நிதி இருந்தால் அதிலிருந்தே கொடுத்ததாகக் கொள்ள வேண்டும் என்று ரிலையன்ஸ் யூட்டிலிட்டிஸ் வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் 2009இல் கூறியது. 2019இல் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த அணுகுமுறையை ஏற்றது. இங்கே மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டை மட்டும் நீட்டினால் போதாது. பணம் கொடுத்த நாளில் மூலதனக் கணக்கில் எவ்வளவு நின்றது, அந்த வாரத்தில் விற்பனைப் பணம் எவ்வளவு வங்கியில் வரவானது என்பதை ஒரு தாளில் தேதிவாரியாகக் காட்டுங்கள். என் அனுபவத்தில், நீளமான தீர்ப்பு மேற்கோள்களைவிட அந்த ஒரு தாளே அதிகம் பேசும்.

இரண்டாவது, வணிகத் தேவை. எஸ்.ஏ. பில்டர்ஸ் வழக்கில் (2007) உச்ச நீதிமன்றம், சகோதர நிறுவனத்துக்கு வட்டியில்லாமல் கொடுத்த கடனில் வணிகத் தேவை இருந்ததா என்பதையே பார்க்க வேண்டும் என்றது. அதிலிருந்து உங்களுக்கு லாபம் கிடைத்ததா என்பது கேள்வியல்ல. உங்கள் துணிக்குச் சாயமேற்றுவது தம்பியின் பட்டறைதான் என்றால், அது நின்றால் உங்கள் ஏற்றுமதி ஆர்டரும் நிற்கும் என்பதை ஜாப் ஒர்க் பில்களைக் கொண்டு நிறுவலாம். ஆனால் அந்தப் பணம் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்றிருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். அத்தகைய சொந்தச் செலவுக்கு இது பொருந்தாது என்பதை அதே தீர்ப்பே எச்சரிக்கிறது. அப்போது முதல் வழி ஒன்றே துணை.

கேள்வி: எங்கள் கணக்கை 143(3) பிரிவில் ஏற்கெனவே ஆய்வு செய்து, வட்டி விவரம் கேட்டு, ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அதையே மீண்டும் கேட்கலாமா?

பதில்: அதே ஆவணங்களை வைத்துக்கொண்டு கருத்தை மட்டும் மாற்றுவது மறுமதிப்பீட்டுக்குக் காரணமாகாது என்பது கெல்வினேட்டர் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. அன்று கேட்ட கேள்விக் கடிதமும் நீங்கள் அளித்த பதிலும் கையில் இருக்க வேண்டும். 143(1) பிரிவின்கீழ் வெறும் அறிவிப்பு மட்டுமே வந்திருந்தால் அங்கே எந்தக் கருத்தும் உருவாகவில்லை. ராஜேஷ் ஜவேரி தீர்ப்புக்குப் (2007) பிறகு இதில் வாதிட ஒன்றுமில்லை.

கேள்வி: ஃபைனான்ஸ் கம்பெனியில் லாரி வாங்கிய கடனின் தவணையில் 6 லட்சம் ரூபாய் வட்டி. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்க வேண்டிய வரி) பிடிக்கவில்லை என்று 1.80 லட்சம் ரூபாயை மறுத்துள்ளனர்.

பதில்: வட்டிக்கு டிடிஎஸ் பிடிக்கச் சொல்லும் 194ஏ பிரிவில், வங்கிக்குக் கட்டும் வட்டிக்கு விலக்கு உண்டு, வங்கியல்லாத நிதி நிறுவனத்துக்கு இல்லை. மாதத் தவணை தானாகக் கணக்கிலிருந்து கழிவதால் பலரும் இதைக் கவனிப்பதேயில்லை. டிடிஎஸ் பிடிக்காத செலவில் 30 சதவீதம் மறுக்கப்படும் என்ற வகையில் கணக்கு சரி. எனினும் அந்த நிறுவனம் இந்த வட்டியைத் தன் வருமானத்தில் காட்டி, வரி கட்டி, ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தால், அதன் ஆடிட்டரிடம் படிவம் 26ஏ சான்று பெற்றுத் தாக்கல் செய்து இந்த மறுப்பை நீக்கிக்கொள்ளலாம். மேலும், தனிநபருக்கு முந்தைய ஆண்டின் வியாபார விற்றுமுதல் 1 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால்தான் இந்தக் கடமையே எழும். அதை முதலில் சரிபாருங்கள்.

கேள்வி: அந்த ஆண்டில் வேறொரு கடனின் வட்டியைக் கழிக்க மறந்துவிட்டோம். மறுமதிப்பீட்டில் அதையும் கேட்கலாமா?

பதில்: முடியாது. மறுமதிப்பீடு துறையின் நன்மைக்கானது, விடுபட்ட வருமானத்தோடு தொடர்பற்ற புதிய கழிவை அதில் கோர இயலாது என்று சன் இன்ஜினியரிங் வழக்கில் (1992) தீர்ப்பாகிவிட்டது.

கேள்வி: உத்தரவும் வந்துவிட்டது. இனி என்ன செய்வது?

பதில்: உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் படிவம் 35இல் மேல்முறையீடு செய்யுங்கள். அதோடு வசூலை நிறுத்திவைக்கக் கோரும் மனுவையும் மதிப்பீட்டு அலுவலரிடம் தனியாகக் கொடுக்க வேண்டும். மேல்முறையீடு செய்ததாலேயே வசூல் நின்றுவிடாது. 2017 ஜூலை மாதச் சுற்றறிக்கையின்படி, சர்ச்சைக்குரிய வரியில் 20 சதவீதத்தைக் கட்டினால் பொதுவாக மீதியை நிறுத்திவைப்பார்கள்.